திறப்பு விழா அத்தானின் தேனீக்கள்

என் அக்காவின் கணவரை நேரில் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் முதுகைத் திருப்பியதும் திறப்பு விழா என்பேன். பட்டப்பெயர் வைத்தது நான்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. மூடியிருக்கும் எதையும் மூடியபடி விட்டுவைக்க அந்த மனிதருக்கு வராது. அடுப்பில் வேகிற பாத்திரம், சீனி டப்பா, அக்காவின் கைப்பை, தபாலில் வந்த உறை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவைத்த பொட்டலம், எதுவானாலும் ஒருமுறை திறந்து பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு "ம்" என்று ஒரு சத்தம். பிறகு பாதி மூடிவிட்டுப் போய்விடுவார். அந்த "ம்" காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

உத்தியோகமும் அதற்கு ஏற்றாற்போல் வாய்த்திருந்தது. சரக்குக் கிடங்கில் சோதனை அதிகாரி. வந்திறங்குகிற பெட்டிகளைத் திறந்து, மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை ஊரார் பெட்டியைத் திறப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். கடைசி நாளில் மேடையில் உட்காரவைத்து, மேலதிகாரி இவருடைய நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கையில் கொடுத்த பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக் காகிதத்தைக் கிழித்துவிட்டார். சுவர்க் கடிகாரம். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் அந்த "ம்" கூடம் முழுக்கக் கேட்டது. அக்கா முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் பின்வரிசையில் வாய்விட்டுச் சிரித்தேன்.

என் தொழிலும் திறக்கிற தொழில்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரில் சாவிக்கடை வைத்திருக்கிறேன். ஆனால் கூப்பிட்டால்தான் போவேன், வீட்டுக்கு உரியவர் பக்கத்தில் நின்றால்தான் பூட்டில் கை வைப்பேன். கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். கல்யாணம் காட்சி என்று எனக்கு ஒன்றும் அமையவில்லை. மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கு வருவாள், முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வம்பு பேசிவிட்டுப் போவாள். அன்றைய நாளில் எனக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அத்தான் ஓய்வு பெற்றபின் அந்த முக்காலியில் சிரிப்பு குறைந்து பெருமூச்சு அதிகமானது. கிடங்கில் காட்டிய கைவரிசையை முழுநேரமும் வீட்டில் காட்டத் தொடங்கியிருந்தார். அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவும் திறந்து பார்க்கப்பட்டிருக்கும். போனை வைத்துவிட்டு எழுந்தால் போன் அவர் கையில் இருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, சந்தேகமும் கிடையாது. சந்தேகம் என்றால்கூட அதற்கு ஒரு மரியாதை உண்டு என்பேன். இவருக்கு இருந்தது வெறும் கை அரிப்பு. அதே அரிப்பில்தான் மகளின் பள்ளிக்கூடப் பையில் தொடங்கி நாட்குறிப்புவரை கிளறி முடித்தார். அந்தப் பெண் உள்ளூரில் கிடைத்த வேலையை உதறிவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேர முடிகிற ஊரில் வேலை தேடிக்கொண்டாள். "படிச்ச பொண்ணு, உலகம் பாக்கட்டும்" என்று இவர் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

"அலமாரிக்கு ஒரு பூட்டுப் போட்டுத் தரட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"பூட்டா? நல்லாச் சொன்னே. உள்ளே என்ன, உள்ளே என்னன்னு கேட்டே என்னைச் சாகடிச்சுடுவாரு."

"அப்புறம் என்னதான் பண்ணப் போறே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். தோழி ஒருத்தி வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்ததைச் சொன்னாள். தோழியின் கணவன் கொல்லையில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருக்கிறானாம். வலைபோட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு அதன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே நிற்கிறானாம்.

"அந்தாளு பாட்டுக்கு வெளியே பெட்டியைத் திறந்து பாத்துக்கிட்டிருக்கான். அவ பாட்டுக்கு உள்ளே காலை நீட்டிப் படுத்து ரேடியோ கேக்குறா. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு தம்பி. உங்க அத்தானுக்கும் அப்படி ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம். திறந்து பாக்கத்தானே வேணும்? அதைத் திறந்து பாக்கட்டும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதுவும் சரிப்படலைன்னா நான் பொண்ணுகிட்டப் போயிடுவேன். போனா திரும்பி வர மாட்டேன். சும்மா பேச்சுக்குச் சொல்றேன்னு நினைச்சுக்காதே."

அவள் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவாள். மறுநாளே கடையைச் சாத்திவிட்டுத் தேன்பெட்டிக்காரரைத் தேடிப் போனேன்.

தேன்பெட்டிக்காரர் என்பவர் வாயாலேயே வீடு கட்டுகிற ஆள். நரம்புத் தளர்ச்சியிலிருந்து நாட்டு முன்னேற்றம்வரை எல்லாவற்றுக்கும் தேன்தான் மருந்து என்று நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். கல்யாணத் தரகர் வரன் சொல்வதுபோல ஒவ்வொரு இனத்தின் குணத்தையும் எடுத்துவிட்டார். மலைத்தேனீ ரௌடி, கிட்டவே போகக் கூடாது. கொம்புத் தேனீ சின்னது, தனக்கென்று ஒரு குச்சி கிடைத்தால் போதும், பெட்டிக்குள் அடங்காது. அடுக்குத் தேனீ நல்ல உழைப்பாளி, ஆனால் ரோஷக்காரி. இத்தாலியத் தேனீ பரம சாது. கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது.

"உங்க அத்தான் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்.

"தொட்டுக்கிட்டே இருப்பார்."

"அப்போ கொசுத்தேனீ குடுத்துடலாம். அதுதான் கொட்டாது."

கொட்டாமல் இருப்பது யாருக்கு நல்லது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கொசு அளவுப் பூச்சி, ஒரு சின்ன மரப்பெட்டி, வாசலில் மெழுகால் செய்த விரல் நீளக் குழாய். அத்தானுக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. கொல்லையில் துணி காயப்போடுகிற கொடியை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்தார். எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தார். அக்காவின் கண்ணாடிக் கிண்ணங்கள்தான்.

கொசுத்தேனீயின் குணம் என்னவென்றால், சண்டை போடாது, அடைத்துவிடும். எங்கே இடுக்கு தெரிந்தாலும் மரப்பிசினைக் கொண்டுவந்து அப்பி மூடிவிடும். அத்தான் காலையில் மூடியை நெம்பித் திறப்பார், "ம்" என்பார், மூடுவார். சாயங்காலத்துக்குள் அவை சுற்றிலும் பிசினை அப்பி ஒட்டிவிடும். மறுநாள் கத்தி வைத்து நெம்புவார். மறுபடி ஒட்டும். பெட்டிக்கும் மனிதருக்கும் இப்படி ஒரு மல்லுக்கட்டு நடந்தது. கடைசியில் அவையும் பொறுமை இழந்து, கொடுக்கு இல்லாவிட்டால் என்ன என்று, கூட்டமாக அவருடைய தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புருவத்திலும் புகுந்து கடித்தன. தலையில் பிசினோடு வீட்டுக்குள் ஓடிவந்தார். அக்கா எண்ணெய் தடவிச் சீப்பால் வாரி எடுத்தாள்.

"பிசினாறிப் பசங்க! ஒரு சொட்டுத் தேன் எடுக்க விடுறானுங்களா பாரு!" என்று கத்தினார்.

அக்கா அடக்க முடியாமல் சிரித்தாளாம். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. அந்தச் சில வாரங்கள் சமையலறை டப்பாக்கள் நிம்மதியாக மூடிக் கிடந்தன, முக்காலியில் பழைய வம்பு திரும்பி வந்தது. நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

பிசினாறிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தான் அடுக்குத் தேனீக்கு மாறினார். இதற்குள் அவர் நிபுணராகிவிட்டிருந்தார். இப்போதெல்லாம் நிபுணராவதற்கு ஒரு தொப்பியும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் இவரைப்போலவே ஓய்வு பெற்ற திறப்பாளர்கள். ஒருவர் பெட்டியைத் திறந்து படம் போட்டால் மற்றவர்கள் கைதட்டுகிற பொம்மையை அனுப்புவார்கள். அதோடு நிற்காமல் சொந்தபந்தங்களையும் இனம் பிரிக்கத் தொடங்கினார். எதிர்வீட்டுக்காரர் மலைத்தேனீ. நான் கொம்புத் தேனீயாம், தனிக்குச்சியாம். ஒரு நாள் அக்கா எதிரிலேயே என்னிடம் சொன்னார்:

"உங்க அக்கா இருக்காளே, இத்தாலி! எத்தனை தடவை திறந்தாலும் கொட்ட மாட்டா. குடும்பத்துக்கு ஏத்த இனம் மச்சான்."

பாராட்டுகிறாராம். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுக்குத் தேனீ நன்றாகத்தான் உழைத்தது. காலையில் மஞ்சள் பூந்தூளைக் காலில் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து இறங்குவதை நானே பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அத்தான் பார்த்தாரா என்றால் இல்லை. அவர் வாசலைப் பார்க்கிற ஆளே இல்லை, மூடியைத் தூக்கினால்தான் அவருக்குக் கண் தெரியும். காலையில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை, யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களுக்குக் காட்ட ஒரு தடவை. தேன்பெட்டிக்காரர்கூடச் சொல்லிப் பார்த்தார்.

"சார், இது ரோஷமான ஜாதி. அடிக்கடி திறந்தீங்கன்னா உங்ககூடச் சண்டை போடாது. போறதுக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சுடும். பூந்தூள் கொண்டு வர்றதை நிறுத்தும். கூட்டுல இருக்கிற தேனைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு தீர்க்கும். அப்புறம் ஒரு நாள் நல்ல வெயில்ல எல்லாம் ஒண்ணாக் கிளம்பிடும். பாத்துக்கங்க."

இதை அவர் சொல்லும்போது அத்தான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்படியே நடந்தது. ஒரு நண்பகல் வேளையில் கொல்லை முழுக்க இரைச்சல். கூட்டம் பெட்டியை விட்டு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கூரைக்கு மேலே போய் மறைந்தது. உள்ளே வெறும் அடைகள். தேன் இல்லை, புழு இல்லை, முட்டை இல்லை. அத்தான் நேராக என் கடைக்கு வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஓடிப்போயிடுச்சு மச்சான். என்ன குறை வச்சேன் நான்? நிழல் இல்லையா, தண்ணி இல்லையா, சீனிப்பாகு கரைச்சு வைக்கலையா? நன்றி கெட்ட ஜென்மங்க. ஒரு வார்த்தை, ஒரு அறிகுறி உண்டா?"

அறிகுறி எல்லாம் அவருக்கு வாய் கிழியச் சொல்லப்பட்டிருந்தது. நான் அரத்தை எடுத்துச் சாவியை ராவிக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்தில் அவருடைய புலம்பல் பாதி காதில் விழாது என்பது ஒரு சௌகரியம்.

மூன்றாவதாக இத்தாலியத் தேனீ வந்தது. தேன்பெட்டிக்காரர் சொன்னபடியே அது சாது. இவர் நாளெல்லாம் திறந்தாலும் பொறுத்துக்கொண்டது. அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக உருவி வெயிலில் காட்டினாலும் பொறுத்துக்கொண்டது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பிடித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். ஒரு நாள் அப்படி அவசரத்தில் ஒரு சட்டத்தைச் சொருகும்போது, இரண்டு சட்டத்துக்கு நடுவில் ராணியை வைத்து நசுக்கிவிட்டார். அதுவும் அப்போது அவருக்குத் தெரியவில்லை. திறந்து திறந்து பார்த்தவருக்கு ராணி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

ராணி போனதும் அந்தச் சாதுவின் குணம் மாறியது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு மாதிரி முனகல் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அடுத்தடுத்த நாட்களில் மூடியைத் தூக்கியவரை உதட்டிலும் இமையிலும் கழுத்திலும் வெறுங்கையிலும் கொட்டித் தீர்த்துவிட்டன. முகம் பூசணிக்காயாக வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. நான் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்தபடி, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேன்பெட்டிக்காரர் வந்து பெட்டியைத் தூக்கிப் போனார். "ராணி இல்லாத கூடு இப்படித்தான் சார்" என்று மட்டும் சொன்னார். இனிமேல் இவருக்குப் பூச்சி கொடுப்பதில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அத்தான் தேறி எழுந்ததும் மறுபடி சமையலறைக்கு வந்துவிட்டார்.

அந்த வாரம் அக்கா கடைக்கு வந்தபோது டப்பாவைக் கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"தம்பி, நீ முன்னே சொன்னியே, அலமாரிக்குப் பூட்டு. நல்லதா ஒண்ணு குடு."

"உள்ளே என்னன்னு கேட்டே சாகடிப்பாருன்னியே?"

"கேக்கட்டும்."

என்னிடம் இருந்ததிலேயே கனமான பித்தளைத் தொங்கு பூட்டை எடுத்தேன். நானே போய் அவளுடைய மர அலமாரிக்கு நாதாங்கி அடித்துக் கொடுத்தேன். ஒரு சாவியை அவள் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டாள். மற்றதை என் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கச் சொல்லித்தான் மனம் அடித்துக்கொண்டது. நாதாங்கியின் கடைசித் திருகாணியை முடுக்கும்போது கை வலிக்கிற மாதிரி ஒரு பாவனை செய்து கொஞ்சம் நேரம் கடத்தினேன், அவ்வளவுதான்.

அத்தானுக்கு அதன்பிறகு வேறு வேலை இல்லை. அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார், கதவிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். என் கடைக்கும் வந்தார்.

"மச்சான், அந்தப் பூட்டுக்கு ஒரு டூப்ளிகேட் சாவி அடிச்சுக் குடேன்."

"சாவியைக் கொண்டாங்க அத்தான், அடிச்சுத் தர்றேன்."

"சாவி இருந்தா நான் ஏன்டா உன்கிட்ட வர்றேன்?"

அவர் இப்படி அலமாரியைக் காவல் காத்துக்கொண்டிருந்த நாட்களில், அதற்குள் இருந்த துணிமணிகள் பழையது கொடுக்கிற பைகளாகவும், தைக்கக் கொடுக்கிற மூட்டைகளாகவும் மெல்ல மெல்ல வெளியேறி என் கடைக்கு வந்து, அங்கிருந்து பார்சலில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. சமையலறையில் மாதச் சாமான் வாங்குவது நின்றுபோனது. இருந்த அரிசியும் பருப்பும் எண்ணெயும் இறங்கிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு டப்பாவையும் அன்றாடம் திறந்து பார்த்து "ம்" சொன்ன மகானுக்கு, அடி தெரிகிறது என்பது உறைக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த மனிதர் ஆயுசில் எதற்குள்ளும் எதையும் பார்த்ததில்லை என்பேன்.

ஒரு நண்பகலில், நல்ல வெயிலில், அக்கா வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கு வந்தாள். அன்று முக்காலியில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கழுவி என்னிடமே கொடுத்தாள்.

"இதை நீயே வச்சுக்கோ."

எதிரில் பேருந்து நின்றிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். எனக்குக் கண் மறைத்தது. வெட்கமில்லாமல் கடை வாசலில் நின்று அழுதேன். ஒரு வாடிக்கையாளர் கண்ணில் இரும்புத்தூள் விழுந்துவிட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

அத்தானிடமிருந்து போன் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னாலேயே அக்காவின் போன் வந்தது, பேருந்திலிருந்தே பேசினாள்.

"அவர் உன்னைக் கூப்பிடுவாரு. போய் அந்த அலமாரியைத் திறந்து காட்டிடு. பாவம், தலை வெடிச்சுடும். வரும்போது பூட்டை எடுத்து வச்சுக்கோ, எனக்கு வேணும். அங்கே பொண்ணு எனக்குன்னு ஒரு ரூம் குடுத்திருக்கா. அதுக்குப் போடணும்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: "இப்போ என்னை என்ன இனம்னு சொல்லுவாரு தம்பி?"

போனேன். அத்தான் அலமாரிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிடங்கில் பெட்டி நெம்பிய பழைய இரும்புக் கொக்கி மடியில் இருந்தது. ஆனால் பித்தளைப் பூட்டை நெம்ப அவருக்குத் தெம்பு இல்லை. நான் சாவியைப் போட்டுத் திறந்தேன். கதவை அவரே இழுத்தார்.

உள்ளே ஒன்றுமில்லை. விரித்திருந்த பழைய செய்தித்தாள்கூட இல்லை. வெறும் பலகைகள். அவர் மேல்தட்டைப் பார்த்தார், நடுத்தட்டைப் பார்த்தார், குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தார். அந்த "ம்" வரவில்லை. அது வராதது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"என்ன குறை வச்சேன் மச்சான்?" என்றார். பூச்சிக்குச் சொன்ன அதே குரல், அதே வார்த்தை.

பிறகு கேட்டார்: "உள்ளேதான் ஒண்ணுமில்லையே. அப்புறம் எதுக்குப் பூட்டி வச்சா?"

நான் பூட்டைத் துணியில் சுற்றிப் பையில் போட்டேன்.

"அதை எங்கே எடுத்துட்டுப் போறே?"

"அக்கா கேட்டுச்சு. அங்கே அதோட ரூமுக்குப் போடணுமாம்."

அவர் தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஒரு நொடி அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது, பொய் சொல்ல மாட்டேன். காலி அலமாரிக்கு எதிரில், வீங்கி வடிந்த முகத்தோடு, கிழவனாகத் தெரிந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். குரலைத் தாழ்த்தி, ரகசியம்போலக் கேட்டார்:

"மச்சான், அனுப்புறதுக்கு முன்னாடி, அந்தப் பூட்டுக்கு எனக்கு ஒரு சாவி அடிச்சு வச்சுடேன்."